அப்பாவின் வாய் அசைகிற இடம்

கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்ததும், லாட்டரிக் கடைக்கும் புண்ணாக்குக் கடைக்கும் நடுவில் இருக்கிறது சகாயத்தின் ஸ்டுடியோ. ஒரு காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, சீர் எல்லாமே அவருடைய கேமராவுக்குள்தான் நடந்தன. இப்போது கல்யாணம் எடுக்கப் பொள்ளாச்சியிலிருந்து பையன்கள் பறக்கிற கேமராவோடு வந்துவிடுகிறார்கள். சகாயத்துக்கு மிஞ்சியது ஆதார் நகலும் பாஸ்போர்ட் போட்டோவும்தான். கடையின் பின்னறையில், துணி போட்டு மூடிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் அந்தக் காலத்துக் கல்யாணங்களை எல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆடி பிறந்து கணவாய்க் காற்று தென்னை மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், சகாயம் மோகனசுந்தரத்தைப் போனில் கூப்பிட்டார். மோகனசுந்தரம் அப்போது தோப்பில் இருந்தார். பாதி மரங்களைக் கள்ளுக்கு விட்டிருந்தார். இந்தக் காற்றுக்கு மரம் ஏற மாட்டேன் என்று கள் இறக்குகிறவர் கீழேயே உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"மோகனண்ணா, சித்த கடைக்கு வந்துட்டுப் போறீங்களா?"

"என்னுங்க சகாயம்? போட்டோ ஏதாச்சுமா?"

"வாங்க, நேர்ல சொல்றேனுங்க."

போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. சகாயம் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசையில் கிடந்த டிவிடி உறைகளை அடுக்கினார்.

"வசந்தா அம்மிணி போன் பண்ணுச்சுங்க. உங்க கல்யாண வீடியோ, பாட்டுப் போடறதுக்கு முன்னால எடுத்தது இருக்குதான்னு கேட்டுச்சு. இருக்குதுன்னு நானும் சொல்லிப்போட்டனுங்க. நாளைக்குக் கீழ எறங்கி வருதாமா. டிவிடியில எழுதிக் குடுங்கன்னுது."

மோகனசுந்தரம் தலையாட்டினார். வசந்தாமணி அவருடைய ஒரே தங்கை, மலைமேல் காந்தலூரில் இருக்கிறாள். அப்பா ரத்தினசாமி போன வருசம் தவறினார். சாவுக்கு வந்த வசந்தாமணி, போகும்போது அண்ணனின் கல்யாண டிவிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அப்பா நடந்து, சிரித்து, பந்தியில் நின்று பரிமாறுவது அதில் மட்டும்தான் இருக்கிறது. பத்து நாள் கழித்து அவளே போனில் அழுதாள்: "ஏனுங்கண்ணா, பூராத்துக்கும் பாட்டைப் போட்டு வெச்சிருக்காங்க. அப்பா பேசறது ஒரு எடத்துலயும் கேக்கலீங்க." அதோடு விட்டுவிட்டாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"குடுங்க. அதுக்கென்ன?" என்றார்.

சகாயம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இணைச்சீர் எடம் வருதுங்கள்ள. நான் உங்களுக்குப் பின்னால ஒட்டி நின்னுதான் எடுத்துட்டு இருந்தேன். நீங்களும் அப்பனும் பேசுனது கேமரா மைக்குல சுத்தமா உழுந்திருக்குதுங்க. அப்பவே கேட்டேன். அதனாலதான் அந்த எடத்துல பாட்டைக் கொஞ்சம் சத்தமாவே வெச்சு உட்டேன்."

கடைக்கு முன்னால் ஒரு லாரி நின்று, செக்போஸ்ட்டுக்காரர் பார்த்து முடித்ததும் போயிற்று. மோகனசுந்தரம் அந்த லாரி போன திசையையே பார்த்தார். அப்பவே கேட்டேன் என்று சகாயம் சொன்னது மட்டும் காதுக்குள் நின்றது. இத்தனை வருசமும் இந்த மனிதரோடு டீ குடித்திருக்கிறார். கோவில் நோம்பித் திருவிழாவில் ஒன்றாக நின்று கும்பிட்டிருக்கிறார். மனைவி கோமதிக்கு வளைகாப்புப் போட்டோ எடுத்தபோது, "என்ற தங்கச்சி இருந்தா இந்நேரம் ஊடே கலகலன்னு இருக்கும். என்ன பண்றது, எங்கப்பனுக்கு மனசு எறங்க மாட்டேங்குது" என்று இதே கடையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அப்போதும் சகாயம் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

"போட்டுக் காட்டட்டுங்களா?"

"வேண்டாம்." குரல் அவருக்கே கேட்கவில்லை. "எனக்குத் தெரியும்."

"அந்த எடத்துக்கு மட்டும் நாதஸ்வரம் ஏத்தி உட்டர்லாமுங்க. மத்த எடமெல்லாம் அப்படியே இருக்கட்டும். பந்தியில அப்பன் சத்தம் போடறது, சம்பந்திகிட்டப் பேசறது எல்லாம் இருக்குது. நீங்க சொன்னாச் செய்யறேன். இல்லீனா இல்ல."

இதைச் சொல்லும்போது சகாயத்தின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"போட்டுருங்க" என்றார் மோகனசுந்தரம்.

*

இணைச்சீர் இல்லாமல் அந்தப் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோடு பிறந்தவள், கல்யாணப் பெண்ணைப் போலவே பட்டுக் கட்டிக்கொண்டு, கூறைச்சேலை வைத்த பேழையைத் தலையில் சுமந்து வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும். கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு முன்னால், கூடப் பிறந்தவளுக்கு உரிய இடம் அது. தங்கச்சி இல்லாதவனுக்குப் பெரியப்பன் சித்தப்பன் மகள் உட்காருவாள்.

மோகனசுந்தரத்துக்குப் பெரியப்பா மகள்தான் உட்கார்ந்தாள்.

வசந்தாமணி ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிவாசல் என்ற மலையூரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிக வேலைக்குப் போனாள். ஆசிரியைகளை ஏற்றி இறக்குகிற ஜீப்பை ஓட்டியவன் பாண்டீஸ்வரன். தேயிலை பறிக்கிற குடும்பம், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இரண்டாம் வருசம் அவனையே கட்டிக்கொண்டாள். ரத்தினசாமி ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தாயில்லாமல் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அதற்கு அடுத்த தை மாதம் மோகனசுந்தரத்துக்குக் கல்யாணம்.

அன்று விடியும்போது வசந்தாமணியிடமிருந்து போன் வந்தது. செக்போஸ்ட் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறேன், வரட்டுமா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று மோகனசுந்தரம் நம்பியிருந்தார். அதில் ஒருவரைப் போன வருசம் நொய்யலில் கரைத்தாகிவிட்டது.

தங்கையிடம் அவர் போனில் சொன்னது இது: "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் கண்ணு. அப்பா ஒத்துக்க மாட்டேங்கறாரு."

அதை அவள் இன்றுவரை வைத்துக் காப்பாற்றுகிறாள். சாவு வீட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுகூட, "நீங்களாச்சும் எனக்காக அப்பாகிட்டப் பேசுனீங்களே" என்றுதான் அழுதாள். அந்தக் கையை அவர் உருவிக்கொள்ளவில்லை.

*

மறுநாள் வசந்தாமணியும் பாண்டீஸ்வரனும் உடுமலைப்பேட்டை வந்து, பஸ் மாறிப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து கோபாலபுரம் வந்து சேரும்போது பத்து மணி இருக்கும். பாண்டீஸ்வரன் தோளில் ஒரு சாக்குப் பை. கடைக்குள் வைத்ததும் பூண்டு வாசனை நிறைந்தது.

"காந்தலூர்ப் பூண்டு மச்சான். இந்த வருசம் மழையில பாதி அழுகிப் போச்சு. இருந்ததுல நல்லதா ஒங்க தங்கச்சி ஒக்காந்து பொறுக்குனா. எனக்கு ரசத்துக்குக்கூட ஒரு பல்லு தரல."

"அண்ணனுக்குக் கொண்டாற்றதுல பங்கு கேக்கறாரு பாருங்க" என்று சிரித்தாள் வசந்தாமணி. "ஏனுங்கண்ணா, எளச்சுப்போட்டீங்க? நங்கையா சோறு போடறதில்லையா?"

அவள் நங்கையா என்று கூப்பிடுகிற அண்ணி கோமதி தூக்குப் போசியோடு அப்போதுதான் படியேறினாள். "ஆமா, நான் பட்டினி போட்டுட்டன். ஊட்டுக்கு வாம்மிணின்னா நேரா கடைக்கு வந்து நிக்கறே. அதான் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி இங்கயே எடுத்துட்டு வந்துட்டேன். நெய்யும் இருக்குது."

"டிவிடி கைக்கு வந்தாத்தானுங்க எனக்குச் சோறு எறங்கும்."

சகாயம் பின்னறையில் ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தார். திரையில் எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டுகிற பச்சைக் கோடு தொடங்கிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"முந்தியெல்லாம் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள தட்டு வெளிய வந்துருமுங்க. இப்பப் பழைய ஹார்டு டிஸ்க்கு சாகற நெலைமை. அது குடுத்தாத்தானே இது எழுதும்? ஒரு வாய் குடுத்துட்டு நின்னு மூச்சு வாங்குது. காலையில வேகத்தக் கூட்டி வெச்சதுல ரண்டு டிவிடி பாழாப் போச்சு. இருக்கறதுலயே கம்மி வேகத்துல இப்ப வெச்சிருக்கேன். மத்தியானம் ஆயிரும்."

"பென்டிரைவுன்னு ஒண்ணு இருக்கே, அதுல போட்டா ஆகாதா?" என்றான் பாண்டீஸ்வரன்.

"நம்ம டிவியில அதைச் சொருவறதுக்கு எடம் எங்க இருக்குது?" என்றாள் வசந்தாமணி. "மழை நாள்ல ஜீப்பு ஓடாம நீங்க ஊட்ல குந்தியிருக்கறப்பப் படம் பாக்க வாங்குன டிவிடி பிளேயர்தானே இருக்குது? அதுல போட்டுத்தான் எங்கப்பனை நான் பாக்கோணும். போன்ல பாத்தா எறும்பாட்டம் தெரியறாரு."

ஸ்டூல்களை இழுத்துப் போட்டு நான்கு பேரும் பின்னறையிலேயே உட்கார்ந்தார்கள். வேறு வேலை இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஏதோ கறகற என்று சுரண்டி நிற்கும். கோடு ஒரு நூல் நகரும். பிறகு மறுபடி சுரண்டும். மோகனசுந்தரம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

வசந்தாமணி பேசிக்கொண்டேயிருந்தாள். கேரட் பாத்தியைக் காட்டெருமை மிதித்தது, பஞ்சாயத்தில் நஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்தது, ஜீப்பில் வந்த டூரிஸ்ட் ஒருத்தர் பிளம்ஸ் மரத்தைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்து மரத்தோடு சரிந்தது. பாண்டீஸ்வரன் அதை நடித்தே காட்டினான். கோமதி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மோகனசுந்தரமும் சிரித்தார். சிரிப்பு முடிகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அவர் கண் திரைக்குப் போயிற்று.

"சகாயண்ணா, அப்பா பேசறது கேக்குமில்லீங்க?"

"கேக்கும் அம்மிணி. பந்தியில நெறையப் பேசியிருக்காரு."

"எனக்கு அவரு பேசுனதே மறந்துபோச்சுங்க" என்றாள் அவள். "மொகம் இருக்குது. நடை இருக்குது. சத்தம் மட்டும் வர மாட்டேங்குது. நான் போன் பண்ணா எடுப்பாரு, என் குரலைக் கேட்டதும் வெச்சுருவாரு. அலோங்கற அந்த ஒரு சத்தந்தான் எனக்கு இருந்துது. அதுக்காகவே பண்ணீட்டு இருந்தேன்."

பாண்டீஸ்வரன் எழுந்து வெளியே போய் நின்றான்.

"சரி உடுங்க. கோவக்காரரு. எங்கண்ணன் அத்தனை சொல்லியே கேக்காதவரு." அவள் அண்ணனின் முழங்காலில் லேசாகத் தட்டினாள். அந்த இடம் மோகனசுந்தரத்துக்குச் சுட்டது.

*

கரண்ட் ஒருமுறை போய் வந்தது, யுபிஎஸ் கத்தியது, கோடு நிற்காமல் தப்பித்தது. டிவிடி வெளியே வந்தபோது சாரல் பிடித்திருந்தது. சகாயம் அதை உறைக்குள் போடப் போனார்.

"போட்டுப் பாத்துட்டே எடுத்துக்கறனுங்க. இத்தனை தூரம் எடுத்துட்டுப் போயி அங்க ஓடலீன்னா?"

சகாயம் மோகனசுந்தரத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முன்கடையில் இருந்த டிவியில் போட்டார்கள்.

மண்டப வாசலில் வாழை மரம். அடுத்து ரத்தினசாமி, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அந்த ஜமுக்காளத்தை இக்கட்ட இழுங்கப்பா, பொம்பளைங்க எங்க உக்காருவாங்க?" என்றார்.

வசந்தாமணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். கோமதி அவள் முதுகில் கை வைத்தாள். "இக்கட்ட இழுங்கப்பா" என்று வசந்தாமணி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், கண்ணீர் தாடையில் நின்றது. "அண்ணா, பாருங்க. சத்தம் போடறதப் பாருங்க."

திரையில் ரத்தினசாமி சம்பந்தியிடம் மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். ஒரு குழந்தையிடம் லட்டு கொடுத்துப் பேர் கேட்டார். மங்கள வாழ்த்துப் பாடுகிறவருக்குச் சுக்குக் காப்பி வரவில்லை என்று சத்தம் போட்டார். அவர் வாயைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வசந்தாமணி ஸ்டூலின் நுனிக்கு வந்தாள்.

பிறகு இணைச்சீர் வந்தது. மணையில் மாப்பிள்ளைக் கோலத்தில் மோகனசுந்தரம். பேழையோடு பெரியப்பா மகள். அந்த இடத்தைப் பார்த்து வசந்தாமணி முகம் சுருங்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ரத்தினசாமி பின்னாலிருந்து வந்து, குனிந்து, மகன் காதோரம் பேசத் தொடங்கினார். அந்த நொடியில் நாதஸ்வரம் எழும்பியது.

"அடடா, இங்க மட்டும் ஏனுங்க மேளம்?"

"அப்ப வாசிச்சிருப்பாங்க" என்றார் மோகனசுந்தரம்.

"வாசிக்கறவங்க அந்தா ஓரத்துல காப்பி குடிச்சுட்டு இருக்காங்களே."

அது உண்மை. திரையின் மூலையில் நாதஸ்வரக்காரர் டம்ளரோடு நின்றிருந்தார். சகாயம் குனிந்து ரிமோட்டைத் தேடினார்.

ரத்தினசாமியின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. கையை வாசல் பக்கம் நீட்டினார். மகன் தலையை ஆட்டினான். அவர் மறுபடி குனிந்தார், மறுபடி வாசலைக் காட்டினார். நாதஸ்வரம் சந்தோசமாக வாசித்தது.

"இத்தனை நேரம் என்னமோ சொல்றாரே. அப்பா என்னுங்கண்ணா சொல்றாரு?"

"நெனப்பில்ல கண்ணு. சோத்துக்கு ஏதோ…"

"சோத்துக்கா? கை நீட்டிக் காட்டறாரே, வெளிய?" அவள் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கப்பன் சத்தத்துக்குத்தானே நான் வந்தேன். இருக்கறதுலயே ரொம்ப நேரம் பேசறது இங்கதான். இதுக்குப் போயி…" குரல் இறங்கிவிட்டது. "நீங்க ஒருத்தருதான் அதைக் கேட்டது. ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நான் வெச்சுக்கறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான், ஒரு வார்த்தை. மோகனசுந்தரம் எதையும் சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், அதைக் காந்தலூருக்குக் கொண்டுபோய் மழை நாளெல்லாம் அந்த வாய் அசைவில் பொருத்திப் பார்த்திருப்பாள்.

"உன்னைக் கூப்புடச் சொன்னாரு" என்றார்.

"என்னுங்க?"

"வசந்தா செக்போஸ்ட்டுல நிக்கறாளாமே, வரச் சொல்லு, இது அவ சீரு, அவ வந்து உக்காரட்டும்னாரு. நாந்தான் வேண்டாம்னேன். பொண்ணூட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு சொன்னேன்."

நாதஸ்வரம் முடிந்து, திரையில் யாரோ "இலை போடலாமா?" என்று கத்தினார்கள். சகாயம் டிவியை நிறுத்தினார்.

முதலில் பேசியது கோமதிதான். "எங்கூட்டுக்காரங்களா? எங்கப்பாதானுங்க அன்னிக்கு எல்லார்த்துகிட்டயும் கேட்டுட்டு இருந்தாரு, மாப்பிள்ளைக்கு ஒரு தங்கச்சி இருக்குதுன்னாங்களே, எங்கன்னு. நாங்க ஒருத்தரும் எந்திரிச்சிருக்க மாட்டோம். எங்களைச் சொல்லியா அந்தப் புள்ளையத் திருப்பி அனுப்புனீங்க?"

மோகனசுந்தரம் தரையைப் பார்த்தார். பயம் சம்பந்தி வீட்டைப் பற்றியதுகூட இல்லை. மண்டபத்தில் கூட்டாளிகள் இருந்தார்கள். லயத்துக்காரனைக் கட்டினவள் இவன் தங்கச்சி என்று விரலைக் காட்டுவார்களே என்ற கூச்சம். அவ்வளவு சின்னது அது. வெளியே எடுத்து வைத்தால் ஒரு ஆளின் உள்ளங்கைகூட நிறையாது.

வசந்தாமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "சகாயண்ணா, மேளம் போடாதது இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மிணி."

"அதை எழுதிக் குடுங்க."

"இன்னும் ரண்டு மூணு மணி நேரம் ஆகுமே."

"ஆகட்டும்."

*

மறுபடி அந்தக் கோடு தொடங்கிய இடத்தில் நின்றது.

காலையில் அவர்களைச் சிரிக்க வைத்த அதே காத்திருப்புதான். கறகற சத்தம், நகர்வு, மறுபடி கறகற. எழுந்து தோப்புக்குப் போய்விடலாம் என்று மோகனசுந்தரத்துக்குத் தோன்றியது. எழுந்தால் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்தால் அவள் எதிரில் உட்கார வேண்டும். உட்கார்ந்தார். கோமதி தூக்குப் போசியைத் திறந்து தட்டுகளில் சோறு வைத்தாள். வசந்தாமணிக்கு நெய் விட்டாள், பாண்டீஸ்வரனுக்கு விட்டாள், சகாயத்துக்கு விட்டாள். அவர் தட்டை வைத்தாள். நெய் விட மறந்தாளா, விடவில்லையா என்று தெரியவில்லை. அவர் கேட்கவில்லை.

"சாப்புடுங்க மச்சான்" என்றான் பாண்டீஸ்வரன். அவன் ஒருவன்தான் அவரைப் பார்த்துப் பேசினான். அவனிடமிருந்து அந்தச் சொல் வந்ததும், பிசைந்த சோற்றை அவர் தட்டிலேயே வைத்தார்.

கோடு பாதியைத் தாண்டியபோது வசந்தாமணி கேட்டாள்.

"நான் பஸ் ஏறிப் போனதுக்கப்பறம், அப்பா ஏதாச்சும் கேட்டாருங்களா?"

இது வீடியோவில் இல்லை. சகாயத்துக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இல்லை என்று தலையாட்டினால் போதும், இந்த அறையில் கிடக்கிற எந்த இயந்திரமும் அதை மறுக்காது. மோகனசுந்தரம் தட்டைக் கீழே வைத்தார்.

"கேட்டாரு. பந்தி முடிஞ்சதும் வந்து, அவ எங்கடான்னு கேட்டாரு. நீ வர மாட்டேன்னுட்டேன்னு சொன்னேன். இந்த ஊடே வேண்டாம்னு சொல்லீட்டுப் போயிட்டேன்னு சொன்னேன்."

பாண்டீஸ்வரன் "எய்யா…" என்று ஒரு சத்தம் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அதுதான் போனை வெச்சாரா" என்றாள் வசந்தாமணி. கேள்வி இல்லை அது. "நான் வேண்டாம்னு சொன்னதா நெனச்சுட்டே இருந்தாரா? சாகற வரைக்குமா?"

"ஆமா."

"நடுவுல ஒருக்காக்கூட உங்களுக்குச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

"தோணுச்சு. ஒவ்வொரு நோம்பிக்கும் தோணுச்சு. அடுத்த நோம்பிக்குச் சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்னு… கடைசித் தடவை ஆஸ்பத்திரியில சொல்லோணும்னுதான் போனேன். அவருக்கு நெனவு இல்ல."

அவள் எழுந்தாள். அடிக்கப்போகிறாள் என்று அவர் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில், சாரல் விழாத ஓரமாகப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரன் போய்ப் பக்கத்தில் நின்றான். அங்கிருந்து பார்த்தால் செக்போஸ்ட் பஸ் நிறுத்தம் தெரியும்.

"அங்கனயா நின்ன?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"அந்தப் பொட்டிக்கடைக்குப் பொறத்தாண்ட. கடைக்காரம்மா மறைப்புக் கட்டிக் குடுத்தாங்க. பட்டுச்சேலை மாத்திக் கட்டீட்டு, பூ வெச்சுட்டு நின்னேன். கூப்புட்டதும் அப்படியே போயி உக்காந்துக்கலாம்னு."

அவள் அதை அண்ணனுக்குச் சொல்லவில்லை. புருசனுக்குத்தான் சொன்னாள். மோகனசுந்தரத்துக்குக் கேட்டது.

*

இரண்டாவது டிவிடி வெளியே வந்தது. அதைப் போட்டுப் பார்க்க அவள் கேட்கவில்லை. வாங்கிக் கைக்குட்டையில் சுற்றி, ஜாக்கெட்டுப் பக்கமாக வைத்துக்கொண்டாள். பொள்ளாச்சி பஸ் செக்போஸ்ட்டில் நின்றிருந்தது.

"நங்கையா, பூண்டை மூட்டையோடயே வெச்சுராதீங்க. காத்தாட வட்டல்ல கொட்டி வைங்க."

"செரியம்மிணி. அடுத்த மாசம் அப்பா திதிக்கு…" என்று இழுத்தாள் கோமதி.

"வருவேன். எங்கப்பனுக்கு வருவேன்."

மோகனசுந்தரம் நிறுத்தம் வரை பின்னாலேயே போனார். யாரும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ் நகரும்போது பாண்டீஸ்வரன் கையைத் தூக்கினான். அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். பெட்டிக்கடையைப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தக் கடைக்குப் பின்னால் இன்றும் ஒரு சாக்கு மறைப்புத் தொங்கியது. எத்தனையோ முறை அங்கே நின்று வெற்றிலை வாங்கியிருக்கிறார்.

கடைக்குத் திரும்பியபோது சகாயம் முதல் டிவிடியை, நாதஸ்வரம் ஏற்றியதை, மேசை மேல் எடுத்து வைத்திருந்தார். "இதை என்னுங்க பண்ண?"

மோகனசுந்தரம் அதைத் தொடவில்லை. "மேளம் இல்லாததைப் போடுங்க" என்றார். "அந்த எடம்."

"நேத்து வேண்டாம்னீங்களே."

"போடுங்க."

கோமதி பூண்டுப் பையைப் பிடித்தபடி நின்றாள். போகவில்லை. பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. படம் நின்றது, துள்ளியது, ஓடியது. ரத்தினசாமி குனிந்தார்.

"ஏப்பா, வசந்தா செக்போஸ்ட்டுல நிக்கறாளாமே. வரச் சொல்லு. இது அவ சீரு. அவ வந்து உக்காரட்டும்."

அந்தக் குரல் மோகனசுந்தரத்துக்கு மறக்கவில்லை. அவர் அப்பாவின் சொற்களை ஒன்றுகூட மாற்றாமல்தான் தங்கையிடம் சொல்லியிருந்தார். மறந்துபோயிருந்தது தன் குரல். கத்தியதாக, எரிந்து விழுந்ததாக, கல்யாண அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதாகத்தான் இத்தனை வருசமும் நினைத்து வைத்திருந்தார். கோபத்தில் சொன்னது என்று ஒரு சமாதானம் இருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு பையன் பேசினான். அவசரமே இல்லை. கோபமும் இல்லை. இருபத்தைந்து வயசுப் பிள்ளை, அப்பாவிடம் பேசுகிற அத்தனை மரியாதையோடும், பாலில் சர்க்கரை போட்ட மாதிரி, மெல்லச் சொன்னான்:

"வேண்டாமுங்கப்பா. பொண்ணூட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. நீங்க சித்த கம்முனு இருங்க. நான் பாத்துக்கறேனுங்க."